முழுக் கண்ணாடியா, குட்டி டிஃப்ளெக்டரா? ஓப்பன் டூ சீட்டருக்கு எதை மாட்டறது

போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு இங்கிலாந்துல இருக்கற சித்தி பையன் போன் அடிச்சான். அந்நேரத்துக்கு போன் வந்தா யாருக்கா இருந்தாலும் வயித்தைக் கலக்கும், சித்திக்கு ஏதாச்சும் ஆயிடுச்சோன்னு பதறி எந்திரிச்சா, அவன் சாவகாசமா "அண்ணா, ஒரு வண்டி வாங்கறேன், கேட்டர்ஹாம் செவன், பழசுதான், விக்கறவர்கிட்ட முழு விண்ட்ஸ்கிரீன் செட்டும் இருக்கு, குட்டி விண்ட் டிஃப்ளெக்டரும் இருக்கு, ரெண்டுல ஒண்ணுதான் வண்டியோட தருவாராம், எதைண்ணா எடுக்கறது"ங்கறான். செவன்ங்கறது ஓப்பனா ஓடற குட்டி ரெண்டு சீட் கார், டிஃப்ளெக்டர்னா டிரைவருக்கு முன்னாடி நின்னு காத்தை மேல தூக்கி விடற குட்டைத் தடுப்பு. திட்டறதுக்குதான் வாயைத் தொறந்தேன், ஆனா கேள்வி நல்ல கேள்வியா போச்சு. ஒரு மணி நேரம் பேசினோம், அப்புறமும் தூக்கம் வரல, சரி எழுதி வெச்சிடலாம், இதே குழப்பத்துல இன்னும் நாலு பேர் இருப்பாங்கன்னு உக்காந்துட்டேன்.

என்கிட்ட ஏன் கேட்டான்னா, எனக்கு சூரமங்கலம் பக்கம் ஒரு சின்ன ஃபேப்ரிகேஷன் பட்டறை, கேட், கிரில், எஸ்.எஸ். கைப்பிடின்னு ஓடற பொழப்பு, அதுல மிச்சமாகற நேரத்துல நானும் ஏற்காட்டுல காப்பித் தோட்டம் வெச்சிருக்கற என் ஃப்ரெண்டும் சேர்ந்து மூணு வருஷம் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா ஒரு ஓப்பன் டூ சீட்டர் கட்டினோம். செவன் ஸ்டைல்தான். ஸ்கொயர் ட்யூப் சேஸிஸ், ஜிப்ஸியோட 1.3 லிட்டர் இன்ஜின், ஓம்னியோட பின் ஆக்ஸில், கூரை இல்ல, கதவு இல்ல. எதிர்ல டீக்கடை வெச்சிருக்கற அண்ணன் பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னாடி ஒருநாள் பாத்துட்டு "என்ன தம்பி, கட்டிலுக்கு வீல் வெச்சிருக்கியா"ன்னு கேட்டார், அதுக்கப்புறம் அந்த வண்டிக்குப் பேரே கட்டில்தான்.

கட்டிலை ரோட்டுல ஓட்டறதில்ல, அதை முதல்லயே சொல்லிடறேன். நம்ம நாட்டுல நீங்களா ஒரு வண்டியைக் கட்டி நம்பர் வாங்கறது கனவுல கூட நடக்காது, மோட்டார் வாகன விதி 126 படி வண்டி செய்யறவங்க ஒரு மாதிரி வண்டியை டெஸ்டிங் ஏஜென்சிகிட்ட குடுத்து பாஸ் பண்ணணும், அது கம்பெனிக்காரங்க செலவு. அதனால டாட்டா ஏஸ்ல ஏத்தி மலைக்குக் கொண்டு போய் ஃப்ரெண்டோட தோட்டத்து ரோட்டுல ஓட்டறது, எப்பவாச்சும் கோயமுத்தூர் செட்டிபாளையத்துல இருக்கற கரி ரேஸ் ட்ராக்குல காசு கட்டி ரெண்டு மணி நேரம் ஓட்டறது, அவ்ளோதான். ஏற்காட்டுக்கு ஏறற அந்த 20 கொண்டை ஊசி வளைவுல இதை ஓட்டணும்னு ஆசை இல்லாம இல்ல, ஏஸ்ல கட்டிப் போட்டுக்கிட்டு அதே வளைவுல செகண்ட் கியர்ல ஏறும்போது ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டோம்.

சரி விஷயத்துக்கு வர்றேன். இந்தக் கட்டிலுக்கு நாங்க ரெண்டையும் செஞ்சு பாத்தோம். முழுக் கண்ணாடி, குட்டி டிஃப்ளெக்டர், நடுவுல ஒரு அரைகுறை ஐட்டம், எல்லாம்.

செவன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு, 1957ல லோட்டஸ் கம்பெனி காலின் சாப்மேன் கொண்டு வந்த வண்டி அது, எடையைக் குறைச்சா போதும் வேகம் தானா வரும்ங்கற ஆளு, தேவையில்லாத எதையும் வெக்க மாட்டார். 1973ல அதோட உரிமையை கேட்டர்ஹாம் வாங்கி இன்னிக்கு வரைக்கும் அதே உருவத்துல செஞ்சுக்கிட்டு இருக்காங்க. அந்த வண்டியில முன் கண்ணாடிங்கறது வெறும் கண்ணாடி இல்ல, இதைத்தான் பையன்கிட்ட முதல்ல சொன்னேன். கதவுன்னு சொல்ற அந்தத் துணி ஃப்ளாப் இருக்கில்ல, அது கீல் போட்டுத் தொங்கறது கண்ணாடியோட ரெண்டு பக்கக் கம்பத்துல. மழைக்கு இழுத்து மாட்டற கூரைத் துணி பட்டன் போட்டுப் பிடிக்கறது கண்ணாடியோட மேல் ஃப்ரேம்ல. வைப்பர் துடைக்கறது அந்தக் கண்ணாடியை, சன் வைசர் அங்க. கண்ணாடியைக் கழட்டினா கதவு போச்சு, கூரை போச்சு, வைப்பர் போச்சு. நாலு போல்ட் கழட்டினாப்ல இருக்கும், ஆனா வீட்டுல நடுத்தூணைப் பிடுங்கின மாதிரி. ஆக அவன் கேக்கறது காத்துத் தடுப்பு எதுன்னு மட்டும் இல்ல, இந்த வண்டியை எதுக்கு வெச்சுக்கப் போறேங்கற கேள்வி.

முதல் தடவை ஓட்டும்போது எங்க வண்டியில முன்னாடி எதுவுமே இல்ல. என் ஃப்ரெண்டு பாதி மூஞ்சி தெரியற ஹெல்மெட்டு, கூலிங் கிளாஸ், பெரிய ஹீரோ மாதிரி. மார்ச் கடைசி, கோடை மழை ஒண்ணு பேஞ்சு தோட்டம் முழுக்க காப்பி பூத்திருந்த வாரம், மல்லிகை மாதிரி வாசனை, ஊர் உலகத்துத் தேனீ எல்லாம் அங்கதான். நேர் ரோட்டுல 50 கூட வந்திருக்காது, டப்புனு ஒரு சத்தம், வண்டி அப்படியே சில்வர் ஓக் மரத்துக்கு ஒரு சாண் தள்ளிப் போய் நின்னுச்சு. ஒரு தேனீ கன்னத்துல மோதி கூலிங் கிளாஸுக்கு உள்ள போயிடுச்சு. கொட்டினது கூட பெருசில்ல, அந்த ஒரு செகண்டு ஸ்டீரிங்கை விட்டுட்டு ரெண்டு கையாலயும் மூஞ்சியை அடிச்சிருக்கான் பாருங்க, அதான் விஷயம். மூணு நாளைக்கு அவன் ஒத்தைக் கண்ணாலதான் கணக்கு எழுதினான்.

காத்தோட பலம் எவ்ளோன்னும் அன்னிக்குதான் உக்காந்து கணக்குப் போட்டோம். வேகம் டபுள் ஆனா காத்து தள்ற பலம் நாலு மடங்கு ஆகும், இது எல்லாருக்கும் பத்தாவதுல படிச்ச மாதிரி ஒரு ஞாபகம் இருக்கும். ஹெல்மெட் போட்ட தலையை எடுத்துக்கிட்டா 60 கி.மீ. வேகத்துல தலையில ஒரு கிலோ கையால அழுத்தற மாதிரி இருக்கும், 120ல அது நாலு கிலோ. நாலு கிலோன்னா கழுத்துல ஒரு மல்கோவா பை தொங்கற மாதிரின்னு வெச்சுக்கோங்க, என்ன, கீழ இழுக்காம பின்னாடி இழுக்கும். அஞ்சு நிமிஷம் ஜாலியா இருக்கும், அரை மணி நேரத்துல கழுத்து பிடிச்சுக்கும்.

அதனால முதல்ல முழுக் கண்ணாடிக்குப் போனோம். இங்க நமக்கு ஒரு வசதி இருக்கு, சேலம் சங்ககிரி நாமக்கல்னா லாரிக்காரங்க ஊரு, லாரிக்கும் பஸ்ஸுக்கும் தட்டைக் கண்ணாடி வெட்டிக் குடுக்கற கடைங்க தெருவுக்கு ஒண்ணு. கடைக்காரர் கேட்ட முதல் கேள்வியே "லேமினேட்டடா டஃபன்டா"ன்னு. டஃபன்ட் வேண்டாம். ஏன்னா அது ஒடைஞ்சா மொத்தமும் ஒரே நொடியில கல்கண்டு மாதிரி பொலபொலன்னு ஆயிடும், பக்கத்துக் கண்ணாடிக்கு அது நல்லது, முன் கண்ணாடிக்கு ஆகாது. அதுவும் இல்லாம டஃபன்ட் ஆக்கினதுக்கு அப்புறம் வெட்டவே முடியாது. லேமினேட்டட்னா ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல ஒரு பிளாஸ்டிக் ஃபிலிம், கல் பட்டா நட்சத்திரம் மாதிரி விரிசல் விடும், ஆனா அங்கயே நிக்கும், பாத்துக்கிட்டே ஓரங்கட்டலாம். நம்ம விதிப்படியும் ரோட்டுல ஓடற காருக்கு முன் கண்ணாடி லேமினேட்டடாதான் இருக்கணும், வெளிச்சம் 70 சதவீதமாச்சும் உள்ள வரணும்.

110 சென்டிமீட்டருக்கு 35, ஆறு மில்லி தடிமன். கண்ணாடி மட்டுமே ஆறு கிலோவை ஒட்டி வந்துச்சு, ஃப்ரேம், பீடிங், கம்பம், ஷேர் ஆட்டோல இருந்து பிடுங்கின வைப்பர் மோட்டார் எல்லாம் சேத்து தராசுல வெச்சா 11 கிலோ. அந்த எடை மொத்தமும் வண்டியோட உச்சியில உக்காருது, அடியில இருந்தா கவலையே இல்ல. ஆனா மாட்டினதும் வண்டி மாதிரி ஆயிடுச்சு, டீக்கடை அண்ணனே "இப்பதான் மூஞ்சி வந்திருக்கு"ன்னார்.

அடுத்த ஞாயிறு என் வீட்டுக்காரம்மாவைப் பக்கத்துல உக்கார வெச்சு ஓட்டினேன், கண்ணாடி இருக்கே, ஹெல்மெட் எதுக்குன்னு ரெண்டு பேரும் போடல. 40 தாண்டினதும் ஒரு கூத்து நடந்துச்சு பாருங்க. காத்து முன்னாடி இருந்து வந்தா முடி பின்னாடிதானே பறக்கணும்? அவங்க முடி முழுசும் பின்னாடி இருந்து முன்னாடி வந்து மூஞ்சியை மூடிக்கிச்சு, துப்பட்டா என் ஸ்டீரிங் மேல வந்து விழுது. "கண்ணாடி போட்டும் காத்து அடிக்குது, அதுவும் பொடனியில அடிக்குது"ன்னு அவங்க கத்த, எனக்கு ஒண்ணுமே புரியல, நிறுத்திட்டேன்.

அப்புறம்தான் மண்டையில ஏறுச்சு. நெட்டுக்குத்தா ஒரு பலகையை நிறுத்தினா காத்து மேலயும் பக்கத்துலயும் சுத்திக்கிட்டுப் போகும், பலகைக்குப் பின்னாடி காத்தில்லாத வெற்றிடம் மாதிரி ஒண்ணு உண்டாகும், அதை ரொப்ப பின்னாடி இருக்கற காத்து சுழிச்சுக்கிட்டு முன்னாடி ஓடி வரும். வாய்க்கால்ல பாறைக்குப் பின்னாடி சருகு எதிர்த்திசையில சுத்திக்கிட்டு நிக்குமே, அதேதான். கதவில்லாத வண்டியில முழுக் கண்ணாடி மட்டும் மாட்டினா நீங்க அந்தச் சுழிக்குள்ளதான் உக்காந்திருப்பீங்க. மூஞ்சிக்கு நிம்மதி, பொடனிக்கும் காதுக்கும் இடி.

இதுக்கு மருந்து இருக்கு, பெருசா செலவும் இல்ல. கண்ணாடிக் கம்பத்துல ரெண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்கு அக்ரிலிக் துண்டு வெச்சோம், பாதி சரியாச்சு. அரைக் கதவு மாதிரி ரெக்ஸின்ல ஒண்ணு தச்சு மாட்டினோம், முக்கால்வாசி சரியாச்சு. சீட்டுக்குப் பின்னாடி ரோல் பார்ல, அதான் வண்டி கவுந்தா தலையைக் காக்கற கம்பி வளைவுல, கொசுவலை மாதிரி ஒரு மெஷ் கட்டினோம், அதுக்கப்புறம் வீட்டுக்காரம்மா பழைய சினிமாப் பாட்டு முணுமுணுக்க ஆரம்பிச்சுட்டாங்க, அதான் எங்க டெஸ்ட் ரிப்போர்ட். முழுக் கண்ணாடியோட நிஜமான லாபம் இதுதான், பக்கத்துல இருக்கறவங்களோட பேசிக்கிட்டே போகலாம். காத்து மூஞ்சியில அடிக்காததை விட இதைத்தான் நான் பெருசா சொல்வேன்.

இப்போ குட்டி டிஃப்ளெக்டர். இதுல நாங்க ரெண்டு தடவை தப்பு பண்ணோம், அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

முதல்ல செஞ்சது 28 சென்டிமீட்டர் உயரம். முழுசும் இல்லாம குட்டியும் இல்லாம நடுவுல வெச்சா ரெண்டோட நல்லதும் கிடைக்கும்னு கணக்கு. கிடைச்சது ரெண்டோட கெட்டதும்தான். அந்த உயரத்துல டிஃப்ளெக்டரோட மேல் விளிம்பு எனக்கு மூக்குக்கு நேரா வந்துச்சு, என் ஃப்ரெண்டு கொஞ்சம் குள்ளம், அவனுக்குச் சரியா கண்ணுக்கு நேரா. விளிம்புல இருந்து பிரியற காத்து நிதானமான காத்து இல்ல, கொந்தளிச்சுக்கிட்டு வர்ற காத்து, அது ஹெல்மெட்டை ரெண்டு பக்கமும் மாறி மாறி அறையுது, 60லயே ரோடு ரெண்டா தெரியுது. ஒண்ணுமே இல்லாம ஓட்டினப்ப கூட இப்படி இல்ல. புல்லட்ல தப்பான உயரத்துல வைசர் மாட்டிக்கிட்டு தொப்பூர் இறக்கத்துல போனவங்களுக்கு இது நல்லாவே தெரியும், தலை கடகடன்னு ஆடும். அதோட ரோட்டைப் பாதி பிளாஸ்டிக் வழியாவும் பாதி அதுக்கு மேலயும் பாக்கணும், நடுவுல ஒரு கோடு, அந்தக் கோட்டுக்குள்ள ஒரு நாய் ஒளிஞ்சுக்கும்.

அப்பதான் நூல் ஐடியா வந்துச்சு. அம்மாபேட்டையில தறி ஓட்டற சொந்தக்காரர் வீட்டுல இருந்து மிச்ச நூல்கண்டு ரெண்டு வாங்கிட்டு வந்தேன், ஒண்ணு சிவப்பு, ஒண்ணு மயில் நீலம், ஏதோ பட்டுச்சேலைக்கு வாங்கினது. பத்து சென்டிமீட்டர் துண்டு துண்டா வெட்டி டிஃப்ளெக்டர் விளிம்புல, ஹெல்மெட்டுல, டேஷ்போர்டுல, ரோல் பார்லன்னு செல்லோடேப் போட்டு வரிசையா ஒட்டினோம், வண்டி பாக்கறதுக்கு ஆயுத பூஜைக்கு ஜோடிச்ச மாதிரி இருந்துச்சு. அவன் ஓட்ட, நான் பக்கத்துல உக்காந்து போன்ல வீடியோ எடுத்தேன். காத்து சுத்தமா ஓடற இடத்துல நூல் வகிடு எடுத்த மாதிரி பின்னாடி நேரா படுத்துக் கிடக்கும். கொந்தளிக்கற இடத்துல கொதிக்கற தண்ணியில போட்ட சேமியா மாதிரி துள்ளும். அந்த 28 சென்டிமீட்டர் ஐட்டத்துக்குப் பின்னாடி அவனோட ஹெல்மெட் முழுக்க சேமியாதான். முழுக் கண்ணாடியையும் மாட்டி இதே மாதிரி எடுத்தோம், டேஷ்போர்டுல ஒட்டின நூல் அத்தனையும் முன்னாடி பாத்து நிக்குது, வீட்டுக்காரம்மா முடி கதை அங்க நூல்ல தெரிஞ்சுச்சு.

அப்புறம் வெட்டிக் குறைச்சுக்கிட்டே வந்து 18 சென்டிமீட்டர்ல நிறுத்தினோம். விளிம்பு தாடைக்கும் கீழ. மேல் விளிம்புல ஒரு விரல் அகலத்துக்கு அலுமினியப் பட்டையை லேசா முன்னாடி சாய்ச்சு ரிவெட் அடிச்சோம், அது காத்தை இன்னும் மேல தூக்கிப் போடுது, நெஞ்சுக்கு இடி இல்ல, காத்து ஹெல்மெட்டோட நெத்தியைத் தொட்டு போகுது. இன்னொரு சூட்சுமம், அடியில ரெண்டு சென்டிமீட்டர் இடைவெளி விட்டோம், கொஞ்சம் காத்து அடிவழியா உள்ள புகுந்து அந்த வெற்றிடத்தை ரொப்பிடுது, சுழி பாதியா குறையுது. இதை எந்த டவுனா இருந்தாலும் பட்டறையில செய்யலாம், மூணு மில்லி பாலிகார்பனேட் ஷீட், ஹீட் கன் இருந்தா போதும். மொத்தம் 700 கிராம். 11 கிலோ எங்க, 700 கிராம் எங்க.

மெட்டீரியல்ல ஒரு வார்த்தை. அக்ரிலிக் பாக்க அழகா இருக்கும், ஆனா கல் பட்டா கத்தி மாதிரி துண்டா உடையும், உங்க நெஞ்சுக்கு ஒரு அடி முன்னாடி அது வேண்டாம். பாலிகார்பனேட் சுத்தியால அடிச்சாலும் வளையும், உடையாது, ஆனா சீக்கிரம் கீறும், காஞ்ச துணியால துடைச்சா போச்சு, பெட்ரோலோ தின்னரோ பட்டா முடி மாதிரி வெடிப்பு விடும். தோட்டத்துப் பையன் ஒருத்தன் நல்லெண்ணத்துல பெட்ரோல் போட்டு துடைச்சு வெச்சதுல எங்களோட முதல் ஷீட் காலி, கோவிச்சுக்கவும் முடியல. குட்டி டிஃப்ளெக்டருக்கு மேலதானே பாக்கறோம், கீறினா கவலையில்ல. முழு உயரத்துக்கு பாலிகார்பனேட் வெக்கலாமான்னு சிலர் கேக்கறாங்க, ராத்திரி எதிர் வண்டி லைட்டு அந்தக் கீறல்ல பட்டு மொத்தமும் வெள்ளையா பூக்கும் பாருங்க, அப்ப தெரியும். முழு உயரம்னா கண்ணாடிதான்.

ட்ராக்குல கதை வேற. கரி ட்ராக்குல நேர் ரோட்டுல 100க்கு மேல போகும்போது முழுக் கண்ணாடி ஒரு கதவைத் தூக்கிக்கிட்டு ஓடற மாதிரி இழுக்குது, 80 குதிரை சக்தி இன்ஜின், மூச்சு வாங்குது. குட்டி டிஃப்ளெக்டர் மாட்டினதும் அதே இடத்துல வண்டி சிரிச்சுக்கிட்டு போகுது. வளைவுல உள்பக்க முனையைப் பாக்கறதுக்கும் கம்பம் குறுக்க இல்ல. அந்த ட்ராக்குக்குப் பேர் குடுத்த கரிவர்தன் மாருதி இன்ஜின் போட்டு ஃபார்முலா கார் கட்டின மனுஷன், அந்தக் கார்ல எல்லாம் டிரைவருக்கு முன்னாடி இருக்கறது குட்டித் தடுப்புதான், ஹெல்மெட் போட்டுக்கிட்டு உக்கார்றவனுக்கு அது போதும்.

போதுமாங்கற கேள்வியும் அப்புறம் வந்துச்சு. 2009 ஹங்கேரி கிராண்ட் ப்ரீல ஃபார்முலா ஒன் டிரைவர் ஃபெலிப்பே மாஸா ஹெல்மெட்டுல முன்னாடி போன கார்ல இருந்து கழண்டு வந்த ஸ்பிரிங் அடிச்சு மண்டை ஓட்டுல விரிசல், பிழைச்சு அடுத்த வருஷம் திரும்ப ஓட்டினார். 2018ல இருந்து ஃபார்முலா ஒன்ல ஹேலோன்னு டிரைவர் தலையைச் சுத்தி ஒரு காப்பு வளையம் வந்துச்சு, 2020ல அமெரிக்க இண்டிகார் ரேஸ்ல டிரைவரைச் சுத்தி பெரிய கண்ணாடிக் கூண்டு மாதிரியே ஒண்ணு வெச்சாங்க, அதுக்கும் ஏரோஸ்கிரீன்னுதான் பேரு. இங்கிலாந்துல செவன்காரங்க ஏரோஸ்கிரீன்னு சொல்றது இந்தக் குட்டித் தடுப்பை, குழப்பிக்காதீங்க, அது பாதுகாப்புக்கு இது காத்துக்கு.

பணக்காரங்களும் இதுலயேதான் முட்டிக்கிட்டு நிக்கறாங்க. ஃபெராரி 2018ல மோன்ஸா எஸ்பி1, எஸ்பி2ன்னு கண்ணாடியே இல்லாத கார் விட்டாங்க, காத்தை வண்டியோட பாடிக்குள்ளயே வழி விட்டு மேல தூக்கற டெக்னிக். மெக்லாரன் எல்வாலயும் முன்னாடி மூக்குல வாங்கின காத்தை டிரைவருக்கு முன்னாடி செங்குத்தா வெளிய விட்டு காத்தாலயே ஒரு தடுப்பு கட்டினாங்க, கூடவே ஒரு குட்டி கார்பன் டிஃப்ளெக்டர் 15 சென்டிமீட்டர் எழும்பும். அவ்ளோ பண்ணிட்டு அப்புறம் அதே எல்வாவை முழுக் கண்ணாடியும் வைப்பரும் வெச்சும் குடுத்தாங்க. கோடி கோடியா குடுக்கறவனுக்கும் மழை மழைதானே.

மழைன்னதும் ஞாபகம் வருது, பனி. ஏற்காடு 1500 மீட்டரை ஒட்டி இருக்கு, சேலத்துல இருந்து மேல போகப் போக எட்டு டிகிரி வரைக்கும் குறையும், கார்த்திகை மார்கழியில காலையில தோட்டத்து ரோட்டுல பத்தடிக்கு முன்னாடி என்ன நிக்குதுன்னு தெரியாது, காட்டெருமையாவும் இருக்கலாம். முழுக் கண்ணாடியில வெளிய வைப்பர் துடைக்கும், சரி, உள்பக்கம்? ஓப்பன் வண்டியில அந்தச் சுழி இருக்கே, அது பனியையும் தூறலையும் பின்னாடி இருந்து கொண்டு வந்து கண்ணாடியோட உள்பக்கம் பூசும், அங்க வைப்பர் இல்ல. ஒரு கையால துணி வெச்சு துடைச்சுக்கிட்டே ஓட்டணும். பழைய லாரி டிரைவருங்க வைப்பர் ஓடலன்னா புகையிலையைக் கண்ணாடியில தேய்ப்பாங்க, தண்ணி முத்து முத்தா நிக்காம படலமா இறங்கிடும், நாங்களும் பண்ணிப் பாத்தோம், வேலை செய்யுது, வண்டி மட்டும் ஒரு வாரம் வெத்தலைபாக்குக் கடை மாதிரி நாறுச்சு. குட்டி டிஃப்ளெக்டர்ல ஹெல்மெட் வைசர்தான் கண்ணாடி, கையுறையோட பெருவிரலால ஒரு வழி வழிச்சா தெளிஞ்சிடும், ஆனா வாய்மூச்சுல உள்பக்கம் பூக்கும், அப்போ வைசரைத் தூக்கணும், தூக்கினா பனி ஊசி மாதிரி கண்ணுல. பனிக்கு எதுவும் முழுசா சரியில்ல, அடிச்ச மழைக்கு முழுக் கண்ணாடிதான், அதுல பேச்சே இல்ல.

கல்லைப் பத்தி பையனுக்கு நான் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன். ஓமலூர் ரோட்டுல தார்ப்பாய் போடாத டிப்பர் ஒண்ணுக்குப் பின்னாடி பைக்ல போகும்போது சுண்டு விரல் நகம் அளவு ஜல்லி ஒண்ணு என் ஹெல்மெட் வைசர்ல அடிச்சு குழி போட்டுச்சு, வைசர் திறந்திருந்தா இதை எழுதறதுக்கு ஒரு கண்ணுதான் இருந்திருக்கும். பைக்ல உக்காந்தா தலை லாரி டயருக்கு நல்லா மேல இருக்கும், செவன்ல உக்காந்தா உங்க கண்ணு லாரி டயர் உயரத்துலதான் இருக்கும், டயர் சுண்டி விடற கல்லு நேரா அங்கதான் வரும். குட்டி டிஃப்ளெக்டர் அதைத் தடுக்காது. அது காத்தை மேல தூக்கும், கல்லுக்குக் கனம் இருக்கு, வளைஞ்சு போகாது.

அங்க இங்கிலாந்துல சட்டம் இதுக்கு இடம் குடுக்குது, வருஷாந்திர எம்ஓடி டெஸ்ட்ல கண்ணாடி வழியா பாக்காமலே ரோடு நல்லா தெரியுதுன்னா வைப்பர் இல்லன்னு ஃபெயில் பண்ண மாட்டாங்க, கார்ல ஹெல்மெட் போடணும்னும் கட்டாயம் இல்ல. சட்டம் விடுதுங்கறதுக்காக கூலிங் கிளாஸ் மட்டும் போட்டுக்கிட்டு கிளம்பிடாதடா, தேனீக்கு எம்ஓடி தெரியாதுன்னேன். இங்க கம்பெனி குடுத்த முன் கண்ணாடியைக் கழட்டிட்டு உங்க இஷ்டத்துக்கு டிஃப்ளெக்டர் மாட்டினா மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52ல மாட்டிக்குவீங்க. காத்து எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்க ஆசைன்னா, முன் கண்ணாடியை பானெட் மேல மடக்கற பழைய ஜீப் எஸ்டேட்டுகள்ல இன்னும் இருக்கு, சொந்தத் தோட்டத்துக்குள்ள ஹெல்மெட் போட்டுக்கிட்டு ஒரு ரவுண்டு போய்ப் பாருங்க.

கடைசியா அவன்கிட்ட நான் மூணு கேள்விதான் கேட்டேன். ஹெல்மெட் போட்டுக்கிட்டு ஓட்டறதுக்கு உனக்குக் கூச்சம் இருக்கா? பக்கத்து சீட்டுல யாரு உக்காருவா? வண்டியில உக்காந்து பாத்தியா, டிஃப்ளெக்டர் விளிம்பு உனக்கு எங்க வருது? முதல் கேள்விக்கு "ஊருக்குள்ள போட்டா சிரிப்பாங்கண்ணா"ன்னான். ரெண்டாவதுக்கு கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் "அவளும் பாப்பாவும் மாறி மாறி"ன்னான். மூணாவதுக்கு, உக்காந்தே பாக்கலயாம், போட்டோவுல பாத்தது.

அப்போ முழுக் கண்ணாடி செட்டை எடுத்துக்கடான்னேன். அதுல கதவு இருக்கு, கூரை இருக்கு, வைப்பர் இருக்கு, அதெல்லாம் பின்னாடி தனித்தனியா தேடி வாங்கறது பெரிய செலவு, பெரிய தலைவலி. ட்ராக்குக்குப் போற ஆசை வந்துச்சுன்னா குட்டி டிஃப்ளெக்டர் ஒரு ஷீட்டு சமாச்சாரம், லீவுல வரும்போது அளவு எடுத்துட்டு வா, நானே வளைச்சுக் குடுக்கறேன், செக்-இன் பேக்லயே போயிடும்னு சொன்னேன். உயரம் மட்டும் அங்கேயே உக்காந்து தாடையில இருந்து டேப் வெச்சு அளந்து அனுப்பச் சொல்லியிருக்கேன்.

நேத்து அளவு வந்துச்சு. 28 சென்டிமீட்டர்னு எழுதியிருக்கான், "கொஞ்சம் உயரமா இருந்தா சேஃப்தானேண்ணா"ன்னு கீழ ஒரு குறிப்பு வேற. நூல்கண்டு இன்னும் பட்டறையிலதான் கிடக்கு, வரட்டும்.